ஒற்றைக் கூம்பும் உறுமியும்

ஜார்ஜ் டவுன் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் மாலை வேளையில் நடந்து செல்கிறவர்கள், பாட்டுக் கடைகளின் வாசலில் பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒரு பெட்டிக்கு மூன்று வாய், நான்கு வாய். ஒரு கடைப் பாட்டை எதிர்க்கடைப் பாட்டு அமுக்கப் பார்க்கும். பெட்டியில் வாய்கள் எவ்வளவுக்கெவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கவ்வளவு பாட்டும் உயர்ந்தது என்பது நம்மவரிற் பெரும்பாலோருடைய நம்பிக்கை. இதற்கு நேர் மாறாக, ஒரே ஒரு காகிதக் கூம்பு உள்ள பெட்டிதான் உத்தமம், மற்றவையெல்லாம் ஒலியை வெட்டிக் கொலை செய்கிற யந்திரங்கள் என்று சாதிக்கிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. இக்கூட்டத்தாரின் தொகை சிறிது, பக்தி பெரிது. இவர்களுக்கும் மூலஸ்தானம் உண்டு, தீட்டு உண்டு, தீட்சை பெறாதவன் காது காதல்ல என்கிற தீர்ப்பும் உண்டு.

யார் எந்தப் பெட்டியைக் கும்பிட்டால் நமக்கென்ன என்று நாம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டில் ஏழைகள் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு பெட்டி வாங்க வேண்டிய பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆகையால் இரு திறத்தார் சொல்லையும் சோதித்துப் பார்ப்பது அவசியமாயிற்று.

விஷயம் இதுதான். நாம் கணக்கு எழுதும் தோட்டம் கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ளது. முன்பு ரப்பர், இப்போது செம்பனை. லயத்தில் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் சொற்பம். அவற்றுள்ளும் வயது சென்றவர்களே அதிகம். அவர்களுடைய தாலாட்டையும் ஒப்பாரியையும், பால் வெட்டிய காலத்துச் சங்கதிகளையும், நம் இளைஞர்கள் மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசியில் பதிந்து வந்திருக்கிறார்கள். பதிந்த பின் நால்வர் இறந்துவிட்டார்கள். அந்தக் குரல்களைப் பேரப்பிள்ளைகளும் பழைய கூட்டாளிகளும் ஒன்றாயிருந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கைப்பேசியை ஆளுக்கொரு நாழி காதில் வைத்துக் கேட்பது பொது வாழ்வாகாது. வீட்டுக்குப் பத்தும் இருபதுமாக அறுநூறு வெள்ளி சேர்ந்தது. தோட்டத்துக் கணக்கு நம் கையில் இருப்பதால் இந்தக் கணக்கும் நம் கைக்கே வந்தது.

பட்டணத்தில் ஒரு கடைக்காரர் அறுநூறு வெள்ளி என்றதும் நம்மைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, அதற்குக் கால்வாசிப் பெட்டிதான் வரும் என்றார். ஒற்றைக் கூம்புக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் அன்பரோ வெகு மரியாதையாய் உட்காரவைத்து, பெட்டியைப் பிறகு பார்க்கலாம், முதலில் இந்தக் கம்பியை வாங்குங்கள் என்று வெள்ளி முலாம் பூசிய ஒரு கம்பியைக் காட்டினார். அதன் விலை நம் மொத்தப் பணத்துக்கும் மேல்! கோயிலில் சாமியைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டதே என்று எண்ணிக்கொண்டு எழுந்து வந்தோம்.

நிற்க. ஒற்றைக் கூம்பு என்பது புதுமையான பொருளல்ல. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. மின்சாரம் சுருளில் ஏறியிறங்கும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை செய்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-ம் ஆண்டில் இதன் முறையை விளக்கி வெளியிட்டார்கள். இன்று உலகத்தில் விற்கும் ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பான்மை இந்த முறையின் சந்ததியே. பினாங்கில் 1934-ல் வயர்லெஸ் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்னும் நிலையத்தைத் தொடங்கினார்கள். 1946 ஏப்ரல் முதல் தேதி ரேடியோ மலாயா ஏற்பட்டது. அக்காலத்து வீட்டு ரேடியோப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கூம்புதான் இருக்கும். நம் பாட்டனார் காலத்தவர் செய்தி கேட்டதும், நாடகம் கேட்டதும், ஒரு பாட்டுக்காக வேலையை விட்டுவிட்டு லயத்து வாசலில் நின்றதும் அந்த ஒரு வாயைக் கொண்டுதான். அதை ஒரு குறையென்று அவர்கள் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

குறை இருக்கத்தான் செய்தது. மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்று சொல்லப்படுகிறது. அதாவது மேலெல்லை கீழெல்லையைப் போல ஆயிரம் மடங்கு. கீழ் ஒலிக்கு அகன்ற தாள் நெடுந்தூரம் அசைந்து நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். மேல் ஒலிக்குச் சிறியதும் லேசானதுமான தாள் மயிரிழை தூரம் வெகு விரைவில் துடிக்க வேண்டும். ஒரே தாளிடம் இரண்டையும் கேட்பது, உழவு மாட்டையே பந்தயத்துக்கும் ஓட்டுவது போலாகும். ஆகவேதான் பிற்காலத்தார் வேலையைப் பிரித்தார்கள். கீழுக்கு ஊஃபர், மேலுக்கு ட்வீட்டர், இது உனக்கு, அது அவனுக்கு என்று மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க நடுவில் கிராஸோவர் என்னும் ஒரு மேஸ்திரி.

இந்த மேஸ்திரி பங்கு பிரிக்கும் இடத்தைப் பற்றித்தான் சண்டையெல்லாம். இரண்டு வாய்ப் பெட்டிகளில் அது சாதாரணமாய் 2,000-க்கும் 3,000-க்கும் நடுவே விழுகிறது. மனிதக் காது மிகவும் கூர்மையாயிருப்பது 2,000 முதல் 5,000 வரையில். தமிழில் தகரத்தையும் டகரத்தையும், சகரத்தையும் ககரத்தையும் காது பிரித்தறிவதற்கு வேண்டிய சின்னஞ்சிறு ஒலிகளில் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு கிழவி தாலாட்டுப் பாடினால் அவள் குரலின் உடம்பு ஒரு வாயிலிருந்தும், சொல்லின் நுனி இன்னொரு வாயிலிருந்தும் வருகிறது. கைதேர்ந்தவர்கள் செய்த பெட்டியில் இந்த ஒட்டு தெரியாது. அதை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் கூம்புக்காரர் இதை ஒப்புக்கொள்ளாதது அவர்களுடைய பெருங்குறை. ஆனால் அறுநூறு வெள்ளிக்குள் விற்கும் பல வாய்ப் பெட்டிகளில் நாம் கேட்டவை எல்லாவற்றிலும் ஒட்டு தெரிந்தது. ஆள் ஓரிடத்திலும் அவர் பல் வேறிடத்திலும் இருப்பது போல் இருந்தது.

ஒற்றைக் கூம்பின் மேல் ஒலியைக் கூட்டுவதற்கு ஒரு யுக்தி உண்டு. பெரிய கூம்பின் நடுவில் சிறிய கூம்பு ஒன்றை ஒட்டிவிடுவார்கள். வேகம் மிகும்போது பெரிய தாள் சோம்பி நின்றுவிடும். சின்னத் தாள் மட்டும் துடிக்கும். இங்கிலாந்தில் பால் வாய்ட் என்னும் யந்திர நூலார் 1930-களில் இதைக் கொண்டு பெயர் பெற்றார். அவருக்குப்பின் லௌதர் கம்பெனியார் அவ்வழியையே தொடர்ந்தனர். ஜப்பானில் மிட்சுபிஷியார் டயடோன் என்னும் பெயரால் செய்த 16 சென்டிமீட்டர்க் கூம்பும், பாஸ்டெக்ஸ் கம்பெனியின் 10 சென்டிமீட்டர்க் கூம்பும் இன்றும் பிரியர்கள் தேடுகிறவை. இவற்றையெல்லாம் நாம் ஆங்கிலப் புத்தகங்களில்தான் படித்தோம். தமிழில் ஜோசியத்துக்கு இருக்கிற புத்தகங்களில் நூற்றில் ஒரு பங்கு இவ்வித விஷயங்களுக்கு இருந்தால், கடைக்காரன் சொன்னதே வேதம் என்கிற நிலைமை நம் மக்களுக்கு ஏற்பட்டிராது.

நாம் வாங்கியது லௌதருமல்ல, டயடோனுமல்ல. ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், உடைந்த ரேடியோகிராம் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த எட்டங்குலக் கூம்பு. விலை நாற்பது வெள்ளி. அதை ரேடியோ பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் கூம்பின் விளிம்பைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, இது காகித விளிம்பு, பிழைத்துக்கொண்டது. பின்னாலே வந்த நுரை விளிம்பெல்லாம் நம்ம ஊர் ஈரத்துக்குப் பத்துப் பதினைந்து வருஷத்தில் வெல்லம் மாதிரிக் கரைந்து போகும்” என்றார். காந்த இடுக்கில் இருந்த துருவை மட்டும் துடைத்துக் கொடுத்தார். கூலி பதினைந்து வெள்ளி. கிராஸோவர் இல்லாதபடியால் வெப்பத்தில் உலர்ந்து கெடுகிற கண்டென்சரும் இல்லை. கெட்டுப் போவதற்கு அதில் இருக்கிற உறுப்புகள் வெகு சில. தோட்டத்துக்கு இது சாதாரண லாபமல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. பழைய கூம்புகள் பெரும்பாலும் லேசான தாளால் ஆனவை; கொஞ்சம் மின்சாரத்துக்கே நிறையப் பாடும். ஒரே அளவு மின்சாரம் கொடுத்தால் 85 டெசிபல் பாடுகிற பெட்டிக்கும் 95 டெசிபல் பாடுகிற பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பத்து டெசிபல்தானே என்று நினைக்கக்கூடாது. முன்னதைப் பின்னதற்குச் சமமாய்ப் பாடவைக்கப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். பழைய வால்வு ரேடியோக்கள் மூன்று நான்கு வாட்டைக் கொண்டு ஒரு வீட்டை நிறைத்ததன் ரகசியம் இதுதான்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றைப் பின்னால் இழுக்கும் காற்று சுற்றிவந்து தின்றுவிடும். கீழ் ஒலி செத்துப்போகும். ஆகவே முன்னையும் பின்னையும் பிரிக்க ஓர் அடைப்பு அவசியம். நம் பையன்கள் சிறு பிராயத்தில் கேட்ட பானை ஸ்பீக்கரை ஞாபகப்படுத்தினார்கள். மண்பானையின் வாயில் கூம்பைக் கவிழ்த்து ஒட்டிப் பாட விடுவது நம்மவர்களின் கைவேலை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு. காசில்லாதவன் கண்டுபிடித்த அருமையான தந்திரம்தான். ஆனால் பானைக்கென்று ஒரு சுருதி இருக்கிறது. மிருதங்கமாயினும் தவிலாயினும் ஆண் குரலாயினும் அந்தச் சுருதியிலேயே ‘கும்’ என்று விழுந்துவிடும். கேட்கக் கேட்கப் பாட்டுப் போய்ப் பானையே மிஞ்சும். ஆகையால் தோட்டத்துத் தச்சரைக் கொண்டு கனத்த பலகையில் பெட்டி செய்து, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து, கூடத்தின் மூலையில் வைத்தோம். மூலைச் சுவர் இரண்டும் கீழ் ஒலிக்குத் துணை செய்கின்றன. அதற்குக் கூலி கேட்பதுமில்லை.

இனிச் சோதனை. கல்யாணங்களுக்குப் பாட்டு வைக்கிற ஓர் இளைஞரிடம் மூன்று வாய்ப் பெட்டி ஒன்று இருந்தது. பன்னிரண்டு அங்குல ஊஃபர் உள்ளது. விலை நம் அறுநூறைப் போல மும்மடங்கு. அதை இரவல் வாங்கி, நம் பெட்டியின் அருகில் வைத்து, இரண்டையும் ஒரு வேட்டியால் மறைத்தோம். சத்தம் மிகுந்த பெட்டியே நல்ல பெட்டி என்று காது ஏமாறும் என்பதனால், கைப்பேசியில் உள்ள அளவியைக் கொண்டு இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினோம். எது எந்தப் பெட்டி என்று யாருக்கும் சொல்லவில்லை. விலையைப் பார்த்துப் பாட்டைக் கேட்பதும், குலத்தைப் பார்த்து மனிதனை மதிப்பதும் ஒரே வகை நோயாதலால், வேட்டி மிகவும் அவசியம்.

முதலில், இறந்துபோன ஒரு மூதாட்டியின் தாலாட்டு. இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் பாடவிட்டோம். கூடத்தில் இருந்த வயது சென்றவர்கள் ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். அது ஒற்றைக் கூம்பு. காரணம் கேட்டோம். இறந்தவரோடு நாற்பது வருஷம் ஒரே நிரையில் பால் வெட்டிய ஓர் அம்மாள், “கிராணியாரே, அந்தப் பக்கம் அவ பாட்டுப் பாடுறா. இந்தப் பக்கம் அவ உக்காந்திருக்கா” என்றார். யந்திர நூலார் பக்கம் பக்கமாய் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். குரல் முழுவதும் ஒரே இடத்திலிருந்து ஒரே காலத்தில் வருவதால் அதற்கு ஓர் ஆள் உருவம் ஏற்படுகிறது. மேலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 8,000-க்கு மேற்பட்ட ஒலி பொதுவாகக் குறைந்துவிடும். ஆகவே ட்வீட்டர் அதிகமாய்க் கொடுக்கிற பளபளப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் விழலுக்கு இறைத்த நீர்.

டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றையும் வைத்தோம். 1956-ல் மறைந்த அவருடைய காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் வெகு உயர்ந்த ஒலியும் வெகு தாழ்ந்த ஒலியும் சொற்பமாதலால், ஒற்றைக் கூம்பு அதற்கு ஏறக்குறையச் சரியான ஜோடி. ஆனாலும் இங்கே ஒரு குற்றத்தைக் கண்டோம். நாயனம் மேலே ஏறும்போது நம் கூம்பு கொஞ்சம் கத்துகிறது. 3,000-க்கு அக்கம்பக்கத்தில் தாள் தன்னிஷ்டத்துக்கு நடுங்கி ஒலியைத் தூக்கிக் கொடுப்பதே காரணம். இந்த வகைக் கூம்புகளுக்கு இது பிறவிக் குணம். பக்தர்கள் இதை ‘உயிர்த்துடிப்பு’ என்கிறார்கள். நமக்கு அது கத்தலாகவே பட்டது.

மூன்றாவது, தைப்பூசத்தில் நம் பையன்கள் அடித்த உறுமி மேளத்தின் பதிவு. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற அந்தத் தாழ்ந்த உறுமல்தான் அதன் உயிர், பெயரும் அதனால்தான். ஒற்றைக் கூம்பில் குச்சி தோலைத் தொடுவது கேட்டது, தேய்ப்பது கேட்டது, உறுமல் வரவில்லை. வாயைக் கட்டின புலி போலிருந்தது. ஒலியைக் கூட்டினோம். அப்போது வேறொரு வேடிக்கை நடந்தது. உறுமலைத் தள்ள முயன்று கூம்பு தடுமாறியபடியால், அதே கூம்பில் ஏறி வந்த பாடகனின் குரலும் கூடவே நடுங்கிற்று. பையன்கள் சிரித்துவிட்டார்கள். மறைத்திருந்த வேட்டி இனித் தேவையில்லை. எது எந்தப் பெட்டியென்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று. மூன்று வாய்ப் பெட்டியில் அதே பதிவு தரையை அதிரச் செய்தது.

இதற்குக் கணக்கு எளிது. அதிர்வு பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 160-ல் ஒரு மில்லிமீட்டர் அசைகிற கூம்பு 40-ல் பதினாறு மில்லிமீட்டர் அசைய வேண்டும். மேல் ஒலிக்காக லேசாய்ச் செய்த காகிதத்துக்கும் குட்டைச் சுருளுக்கும் அது ஆகாத காரியம். நம் கூம்பு 80-க்குக் கீழே சோர்ந்துவிடுகிறது. 1992-ல் ‘ரோஜா’ வந்த பிறகு ஏ. ஆர். ரகுமானும் பின்வந்தவர்களும் கட்டிய சினிமாப் பாட்டுகளில் கீழ் ஒலி ஒரு தூணாகவே நிற்கிறது. அவற்றைக் கேட்கிற இளைஞர்கள் இந்தப் பெட்டியைக் கண்டு உதட்டைப் பிதுக்கினால் அவர்கள்மேல் குற்றமில்லை.

‘முழு வீச்சு’ என்கிற பெயரில்தான் இந்தக் கூம்புகளை உலகமெங்கும் விற்கிறார்கள். எதை முழுவதென்று சொல்வது? வீணையும் வாய்ப்பாட்டும் கேட்டால் போதும், உலகம் முழுதும் கேட்டதாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு அது முழுமைதான். உறுமியும் தப்பும் தாழ்ந்தவர்களின் மேளமென்று நெடுங்காலம் வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. இன்று இந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் அவற்றைத் தம்முடையதென்று தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேளத்தின் உயிரை விழுங்கிவிட்டு முழு வீச்சு என்று பெயர் வைத்துக்கொள்வதை நாம் ஒப்புவதற்கில்லை.

இன்னொரு குறையைச் சபைக்கூடத்தில்தான் கண்டுபிடித்தோம். பட்டணத்து அன்பர் வீட்டில் அது தெரியவில்லை. அங்கே இருந்தது ஒரே நாற்காலி! 2,000 அதிர்வு ஒலியின் அலை நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். எட்டங்குலக் கூம்பின் அகலமும் ஏறத்தாழ அதுவே. அதற்கு மேலே போகப் போக அலை சிறுத்து, 8,000-ல் நான்கு சென்டிமீட்டராகிவிடும். அப்போது ஒலி விசிறியைப் போலப் பரவாமல் டார்ச் விளக்கைப் போல நேரே போகும். எதிரில் இருப்பவருக்குச் சொல் தெளிவு. பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் மந்தம். கூடத்தில் முன்னால் நாற்காலியில் இருந்தவர்கள் ஆண்கள். வழக்கப்படி பக்கச் சுவரோரமாய்ப் பாயில் இருந்தவர்கள் பெண்கள். தாலாட்டுப் பாடியவளும் பெண், அதைக் கேட்க வந்தவர்களும் பெண்கள். ஆனால் தெளிந்த சொல் போய்ச் சேர்ந்தது யாருக்கு? உட்காரும் வழக்கத்தை அன்றே மாற்றினோம். நாற்காலிகளைச் சுவரோரத்துக்குத் தள்ளி, பாய்களைப் பெட்டிக்கு நேர் எதிரே நீளவாக்கில் விரித்தாயிற்று. இரண்டொரு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அளவியைக் கையில் கொடுத்து, அவர்களே நடந்து பார்க்கட்டும் என்று விட்டோம்.

கடைசியில் செய்த ஏற்பாடு இது. கூம்பு, பலகை, தச்சுக் கூலி, சிறிய பெருக்கி எல்லாமாகச் செலவு முந்நூற்று நாற்பது வெள்ளி. மீதி இருநூற்று அறுபது வெள்ளி ஒரு பன்னிரண்டு அங்குல ஊஃபருக்காகத் தனியே வைத்திருக்கிறது. அது 150 அதிர்வுக்குக் கீழே மட்டும் பாடும். அதற்கு மேல் உள்ளதை ஒற்றைக் கூம்பே பார்த்துக்கொள்ளும். பங்கு பிரிக்கும் இடம் சொல்லின் நுனிகளுக்கு வெகு தூரத்துக்கு அப்பால் விழுவதால் தாலாட்டுக்குச் சேதமில்லை. கம்பி காட்டிய அன்பரிடம் இதைச் சொன்னபோது, கலப்பு என்று முகத்தைச் சுளித்தார். கலப்பு மணத்தை எதிர்க்கிறவர்களிடம் பேசிப் பழகிய நமக்கு அந்த முகம் புதிதல்ல.

ஊஃபருக்கு இன்னும் நூறு வெள்ளி குறைகிறது. அதுவரையில் உறுமியைக் கேட்க வேண்டும் என்கிறவர்களுக்காக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்கள் உறுமியையே கூடத்துக்குக் கொண்டுவந்து அடிக்கிறார்கள்.